கழுத்தில் மாலை இல்லாமல்

கார்த்திகை பிறந்த புதிதில் ஒரு நாள், டவுண் ரத வீதியில் நடந்துகொண்டிருந்தபோது வலது கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தது. ஒரு நிமிடம் நின்றதும் சரியாகிவிட்டது. பத்துக் கடை தாண்டியதும் மறுபடி பிடித்தது. நடுத்தெருவில் சும்மா நின்றால் போகிறவர் வருகிறவரெல்லாம் விசாரிப்பார்கள். அதனால் ஒரு ஜவுளிக்கடை முன்னால் ஒதுங்கி, கண்ணாடிக்குள் பொம்மைக்குக் கட்டியிருந்த சேலையைப் பார்க்கிற மாதிரி நின்றேன்.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. தினமும் ஆபீஸ் விட்டு வரும்போது அதே கடை, அதே கண்ணாடி. நாலாம் நாள் கடைப் பையன் வெளியே வந்து, அக்காவுக்குத்தானே பார்க்கிறீர்கள், உள்ளே வாருங்கள் என்று கையைப் பிடித்து இழுத்தான். இந்த ஊரில் ஒரு ஆண்பிள்ளை தினசரி சேலைக்கடை வாசலில் நின்றால் அது அவன் வீட்டுக்குப் போய்ச் சேர எத்தனை நாளாகும்? பத்தே நாள். என் மனைவி பாவம், பொங்கலுக்கு ஏதோ பெரிதாக வரப்போகிறது என்று ஒரு வாரம் பேசாமல் இருந்திருக்கிறாள். சேலைப் பேச்சே வராமல் போகவும் நேராகவே கேட்டுவிட்டாள். நான் காலைக் காட்டினேன்.

அவள்தான் பாளையங்கோட்டையில் ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனாள். அவர் பாதத்தை அங்கங்கே அழுத்தி நாடி பார்த்தார். ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட் என்று கேட்டார். நான் பாதியாகக் குறைத்துச் சொன்னேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, கூசாமல் சரியான எண்ணிக்கையைச் சொன்னாள். காலுக்குப் போகிற ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டு வருகிறது, சிகரெட்டை அடியோடு விடாவிட்டால் விரலில் ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் காலை எடுக்க வேண்டிவரும் என்றார் டாக்டர். குறைத்தால் போதாது, ஒன்றுகூடக் கூடாது.

நான் அலட்டிக்கொள்ளவே இல்லை. "அதுக்கென்ன சார், நான் நெனைச்சா விட்டிருவேன். வருசா வருசம் விடுதேன்" என்றேன்.

அது பொய்யில்லை. முப்பது வருஷமாகச் சிகரெட் குடிக்கிறேன், இருபது வருஷமாகத் திருச்செந்தூருக்கு மாலை போடுகிறேன். மார்கழி ஒன்றாம் தேதி குளித்து, பச்சை வேட்டி கட்டி, மாலையைக் கழுத்தில் போட்டால் தைப்பூசம் வரை சிகரெட் கிடையாது. தாலுகா ஆபீஸில் பக்கத்து மேஜைக்காரர் மூக்குக்கு முன்னால் ஊதினாலும் எனக்கு ஒன்றும் செய்யாது. அதனால்தான் எனக்கு ஒரு திமிர். மற்றவர்கள் சிகரெட்டுக்கு அடிமை. நான் இஷ்டப்பட்டுக் குடிக்கிறவன், இஷ்டப்பட்டால் நிறுத்துகிறவன் என்று வீட்டிலும் ஆபீஸிலும் சொல்லிக்கொண்டே இருப்பேன். டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்போ வருசா வருசம் ஏன் திரும்ப ஆரம்பிக்கீங்க?" என்றார். மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வெறுங்காலோடு நடக்கவே கூடாது, புண் வந்தால் ஆறாது என்றும் அவர் சொல்லியிருந்தார். ஆகவே அந்த வருஷம் பாதயாத்திரை இல்லை. வழக்கம்போல மார்கழியில் மாலை போட்டேன். செருப்புப் போட்டுக்கொள்ள முருகனிடம் மனதுக்குள் அனுமதி கேட்டுக்கொண்டேன். தைப்பூசத்துக்குக் காலை ரயிலில் திருச்செந்தூர் போனேன். வழியெல்லாம் ரோட்டில் பச்சை வேட்டிகள் நடந்து போவது ஜன்னலில் தெரிந்தது. எனக்கு அழுகை வந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை.

கடலில் குளித்து, நாழிக்கிணற்றில் குளித்து, சாமி கும்பிட்டு வெளியே வந்தால் எல்லாரும் மாலையைக் கழற்றுவார்கள். கழற்றிய கையோடு ஆண்களில் பாதிப் பேர் பெட்டிக்கடைக்கு ஓடுவார்கள். இருபது வருஷம் அந்தக் கூட்டத்தில் முதல் ஆள் நான்தான். ஒன்றரை மாதம் கழித்து இழுக்கிற முதல் இழுப்பில் தலை கிறுகிறுக்கும். கடற்கரை மணலில் உட்கார்ந்துவிடுவேன். அந்த ஒரு சிகரெட்டுக்காகவே விரதம் இருந்தேனோ என்றுகூட இப்போது சந்தேகமாக இருக்கிறது. அன்றைக்கும் மாலையில் கை வைத்தேன். பெட்டிக்கடை கண்ணில் பட்டது. கழற்றினால் அடுத்த நிமிடம் அங்கேதான் நிற்பேன் என்று சத்தியமாகத் தெரிந்தது. பயந்துபோய்க் கையை எடுத்துவிட்டேன். மாலையோடேயே ரயிலேறி ஊர் வந்து சேர்ந்தேன்.

இன்னொரு வேண்டுதல் இருக்கிறது என்று எல்லாரிடமும் சொன்னேன். மாசி பிறந்தது, பங்குனி பிறந்தது, மாலை கழுத்திலேயே கிடந்தது. மாலை போட்டவன் தரையில் படுக்க வேண்டும், தனித்தட்டில் சாப்பிட வேண்டும், மனைவியைவிட்டுத் தள்ளியிருக்க வேண்டும், தாடி எடுக்கக்கூடாது. ஒன்றரை மாதம் என்றால் வீட்டில் பொறுத்துக்கொள்வார்கள். மூன்றரை மாதம் என்றால்? அவள் ஒரு நாள் தோசையைத் தட்டில் போட்டபடியே, "முருகனைக் காவலுக்கு வச்சிருக்கியளாக்கும்" என்றாள். நான் தோசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே கதை வேறு. டவுண் பஸ்ஸில் எழுந்து இடம் கொடுத்தார்கள். ஆபீஸுக்கு மனுக் கொண்டு வந்தவர்கள் சாமி, சாமி என்றார்கள். ஆபீஸ் எதிரே டீக்கடை வைத்திருக்கிறவர் சாதாரண நாளில் என்னை அண்ணாச்சி என்பார். கண்ணாடிக் கிளாஸில் டீயும், பக்கத்தில் ஒரு சிகரெட்டும் கேட்காமலே வைப்பார். மாலை போட்டவர்களுக்கென்று ஒரு எவர்சில்வர் டம்ளரைத் தனியாகக் கழுவிக் கவிழ்த்து வைத்திருப்பார். அந்த டம்ளரில் டீயைக் கொடுத்து, "சாமி ரொம்ப நாளா இருக்கிய, பெரிய வேண்டுதலோ" என்பார். அடுத்த வீட்டுப் பெண் ஒரு நாள் காய்ச்சலில் துவண்ட குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து திருநீறு பூசச் சொன்னாள். பூசினேன். பூசும்போது என் மனது முழுக்கச் சிகரெட் நினைப்புதான். மாசிக்குப் பிறகு அந்த மாலை முன்னைப் போல் ஆசையை அடக்கவில்லை. கையை மட்டும்தான் கட்டியிருந்தது. அந்தக் குழந்தையின் நெற்றியைத் தொட எனக்கு வெட்கமாக இருந்தது.

பங்குனி நடுவில் அம்பாசமுத்திரத்தில் என் சித்தப்பா காலமானார். அப்பாவின் தம்பி, பங்காளி வீட்டுத் தீட்டு, மாலை கழுத்தில் இருக்கக்கூடாது. காலையில் செய்தி வந்ததும் சாமி படத்துக்கு முன்னால் நின்று கழற்றினேன். என் மனைவி ஒரு கிண்ணத்தில் பால் கொண்டுவந்தாள். மாலையை அதில் நனைத்து வைத்தேன். கழுத்து இலேசாக இருந்தது. சித்தப்பா செத்துப்போனார் என்ற துக்கத்துக்குள், இனி மாலை இல்லை என்று ஒரு சந்தோஷமும் எட்டிப் பார்த்தது. அதை இன்றுவரை அவளிடம் சொன்னதில்லை.

துஷ்டி வீட்டில், துக்கம் கேட்க வருகிறவர்களுக்கு ஒரு தட்டு வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். வெற்றிலை, பாக்கு, பீடி, சிகரெட், தீப்பெட்டி. மகன் காரியத்தில் இருப்பான், தட்டைப் பங்காளிகளில் ஒருவர்தான் நீட்ட வேண்டும். அந்தத் தட்டை என் கையில் கொடுத்தார்கள். பந்தலில் ஒவ்வொருவராக நீட்டிக்கொண்டே போனேன். என் காலைப் பற்றி அங்கே யாருக்கும் தெரியாது, நானும் சொல்லவில்லை. மத்தியானம் சித்தப்பாவை எடுத்துக்கொண்டுபோய் ஆற்றங்கரையில் தகனம் முடித்து, தாமிரபரணியில் முங்கிக் குளித்துவிட்டுப் படித்துறையில் உட்கார்ந்தேன். படியில் மடித்து வைத்திருந்த துண்டுக்குள் ஒரு சிகரெட் இருந்தது.

அதை எப்போது எடுத்தேன் என்று நினைவில்லை. நானாக முடிவு பண்ணி எடுக்கவில்லை, கைதான் எடுத்தது என்று வெகு நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் தண்ணீரில் நனையாமல் துண்டுக்குள் பத்திரமாகச் சுருட்டி வைத்ததும் கைதானா? ஈரத்தலையோடு அங்கேயே உட்கார்ந்து குடித்தேன். ஆறு தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

தீட்டுக் கழிகிற பதினாறு நாளும் குடித்தேன். மாலைதான் இல்லையே. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் மறுபடி போட்டுக்கொள்ளப்போகிறோம், அதுவரைக்கும்தானே என்று கணக்கு. டீக்கடைக்காரர் டம்ளரைக் கவிழ்த்துவிட்டுக் கண்ணாடிக் கிளாஸுக்கு மாறினார், அண்ணாச்சி ஆகிவிட்டேன். சேலைக்கடையில் பொம்மைக்கு வேறு சேலை கட்டியிருந்தார்கள், அதையும் நின்று பார்த்தேன். மாலை இருந்தபோது இருபது கடைக்கு ஒரு தடவை என்று தேறியிருந்த கால், திரும்பவும் பத்துக் கடைக்கு ஒரு தடவை நின்றது. வலது பெருவிரல் நகத்தோரம் கறுத்திருந்ததை அவள் பார்த்துவிட்டாள். சண்டை போட்டிருந்தால் நான் பதிலுக்குக் கத்தித் தப்பித்திருப்பேன்.

காரியம் முடிந்த மறுநாள் காலை அவள் குளித்துவிட்டு, மாலையைப் பாலிலும் தண்ணீரிலும் கழுவி, ஒரு பித்தளைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்தாள். தரையில் பாயும் விரித்திருந்தாள், தனித்தட்டும் எடுத்து வைத்திருந்தாள்.

"போட்டுக்கிடுங்க" என்றாள்.

"ஒனக்குத்தான் இது பிடிக்கலியே."

"பிடிக்கலதான். மூணரை மாசமா ஒரே வீட்டுக்குள்ள யாரோ சாமியாரோட இருக்க மாதிரி இருந்துச்சு. அதுக்காக? சாமியாரா வேணும்னாலும் இருங்க, ரெண்டு காலோட இருங்க."

எனக்கு என் மேலேயே அப்படி ஒரு கோபம் வந்தது. இருபது வருஷமாக நான் விட்டேன், நான் விட்டேன் என்று பெருமையடித்தவன். விட்ட நாளுக்கெல்லாம் முருகன் ஒரு பக்கம், இவள் ஒரு பக்கம் நின்று என்னைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். என் பங்கு என்று பார்த்தால் மாலையைக் கழற்றிவிட்டுப் பெட்டிக்கடைக்கு ஓடியது மட்டும்தான். டாக்டர் கேட்ட கேள்விக்கு அப்போதுதான் பதில் தெரிந்தது.

வேண்டாம் என்றேன். போட்டால் நின்றுவிடும், கழற்றினால் வந்துவிடும், அடுத்த சாவு எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும் என்று சொன்னேன். அவள் நம்பவில்லை. மாலையைத் தட்டோடு சாமி படத்துக்குக் கீழே, எனக்கு எட்டுகிற இடத்தில் வைத்தாள்.

முதல் வாரம் நாய்ப்பாடு. மாலை போட்ட நாட்களில் தெரியாத எல்லாமும் தெரிந்தது. வாய் காய்ந்தது, ஆபீஸ் கோப்பில் ஒரே வரியை நாலு தடவை வாசித்தேன், உப்புச் சரியாக இருந்த குழம்பில் உப்பில்லை என்று எரிந்து விழுந்தேன். அவள் உப்புக் கிண்ணத்தை நகர்த்தி வைத்தாள். இரண்டு தடவை அந்தத் தட்டுக்கு முன்னால் போய் நின்றேன். எடுக்கவில்லை. டீக்கடைப் பக்கமே போகாமல் ஆபீஸுக்குப் பின்வாசல் வழியாகப் போய் வந்தேன். எட்டாம் நாள், இப்படி ஒளிந்து போவதும் ஒரு மாலைதானே என்று தோன்றியது. முன்வாசல் வழியாக வந்து கடையில் போய் நின்றேன்.

என்னைக் கண்டதும் அவர் கண்ணாடிக் கிளாஸில் டீயை ஆற்றி வைத்து, பக்கத்தில் சிகரெட்டையும் வைத்தார். அதன் வாசனை எனக்கு எட்டியது. வயிறு வரைக்கும் எட்டியது.

"சிகரெட் வேண்டாம்" என்றேன்.

அவர் பதறிப்போனார். "மன்னிச்சிருங்க சாமி, மாலைய கவனிக்கல" என்று கிளாஸை வெடுக்கென்று திரும்ப எடுத்துக்கொண்டு எவர்சில்வர் டம்ளருக்குக் கையை நீட்டினார். நான் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிக் கழுத்தைக் காட்டினேன்.

"மாலை இல்ல வே. நாந்தான் வேண்டாங்கேன். அந்தக் கிளாஸையே தாரும்."

அவர் என் கழுத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். டீயைத் திரும்ப வைத்தார். சிகரெட்டைப் பாக்கெட்டுக்குள் செருகினார். ஆனால் பாக்கெட்டை மூடாமல் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார். நான் டீயைக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு ஆபீஸுக்குள் போனேன்.

மறுநாளும் அவர் சிகரெட்டை எடுத்து வைத்தார். மறுநாளும் வேண்டாம் என்று சொன்னேன்.