பிரதமருக்கு ஒரு காது

இன்று வேளாங்கண்ணியில் மெழுகுவர்த்தி வாங்க ஒரு கடையில் நின்றேன். கண், காது, கால் என்று சுகமாக வேண்டிய உறுப்பைத் தகட்டில் செய்து, மாதாவுக்குக் காணிக்கை போட விற்பார்கள்.

நெற்றி நிறையக் குங்குமத்தோடு ஓர் அம்மா வந்தார். திருவாரூர்ப் பக்கம் விவசாயமாம்.

"காது ஒண்ணு குடுங்க தம்பி."

"யாருக்கும்மா கேக்கல?"

"பிரதமருக்கு. மழையில நெல்லு முளைச்சுக் கெடக்குன்னு எத்தனை மனு போட்டாச்சு!"

கடைக்காரர் அசரவில்லை. "எல்லாரும் ஜோடியாத்தான் வாங்குவாங்க."

"வேணாம். இதுல வாங்கி அதுல விட்டுடுவாரு."

"சீக்கு உள்ளவருக்கு நம்பிக்கை இருக்கணுமேம்மா?"

"அவரு பங்குக்கும் சேத்து நாங்கதான் நம்புனோமே, ஓட்டுப் போட்டப்ப!"

நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவர் திரும்பினார்.

"சிரிக்கிறீங்களே, உங்களுக்கு என்ன வேண்டுதல்?"

"பையனுக்குக் கனடா விசா கிடைக்கணும்."

"அதுவும் இதே சீக்குக்குத்தான். இங்க கேக்குற காது இருந்தா புள்ள ஏன் வெளிய போவுது?" என்று சொல்லிவிட்டு, காதை முந்தானையில் முடிந்துகொண்டு கோவிலைப் பார்த்து நடந்தார்.

அதற்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆனாலும் கேட்கிறேன். மாதா எதை முதலில் முடித்துக் கொடுப்பாள், பிரதமருக்குக் காதா, என் மகனுக்கு விசாவா? பந்தயம் கட்டுகிறவர்கள் கட்டலாம். நான் விசா பக்கம்.