பெட்டியில் வந்த மாத்திரை

இந்த ஊரில் மருந்து வாங்கப் போனால் முதலில் கிடைப்பது கேள்விதான். நான் வேலை பார்க்கும் ஜெர்மன் சிற்றூரின் மருந்துக்கடையை அப்போதெக்கே என்பார்கள். டாக்டர் சீட்டை நீட்டினாலும் அங்குள்ள அம்மா விடமாட்டார். "இதயத்தில் கோளாறு உண்டா? பிரஷர்? மாத்திரை உங்களுக்கு மட்டும்தானே?" நம்மூர் மெடிக்கலில் தலைவலி என்றால் அட்டையைக் கத்தரித்துக் கொடுத்துவிடுவார்கள். முதலில் எனக்குச் சிரிப்பாக இருந்தது. இப்போது இதயம் என்று கேட்டாலே முகம் செத்துவிடுகிறது. நான் நோய்க்குப் பயப்படுகிறேன் என்று நினைத்து, போன வாரம் அவர் நாற்காலி போட்டுத் தண்ணீர் கொடுத்தார்.

எனக்கு ஒற்றைத் தலைவலி. டிரிப்டான் வகை மாத்திரை எழுதித் தந்திருக்கிறார்கள். வலி தொடங்கியதும் ஒன்று போட்டுக்கொண்டு இருட்டில் படுக்க வேண்டும். கேட்கவில்லையே என்று அடுத்தடுத்து விழுங்கக் கூடாது. மாதத்தில் பல நாள் போட்டால் மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். ரத்தக்குழாயைச் சுருக்கும் மருந்து என்பதால் இதய அடைப்பு உள்ளவர்களும், பிரஷர் கட்டுக்குள் இல்லாதவர்களும் தொடவே கூடாது. இதெல்லாம் அந்த அம்மா சொல்லிச் சொல்லிப் பாடமானது.

வலங்கைமானில் எங்கள் வீட்டில் பெட்டி பிரிப்பது ஒரு சின்னத் திருவிழா. வெளிநாட்டிலிருந்து வந்தவன் பெட்டியைத் திறந்தால் தைலம், சோப்பு, சாக்லேட், மாத்திரை எல்லாவற்றையும் அம்மா கூறுபோட்டுக் கொடுத்துவிடுவார். போன முறை என் மாத்திரை அட்டை ஒன்றும் அக்காவின் பங்கோடு போய்விட்டது. மறுநாள் நான் கும்பகோணம் போயிருந்தேன். நடவு வயலில் வெயிலில் நின்று தலைவலியோடு திரும்பிய அத்தானுக்கு, "வெளிநாட்டு மாத்திரைங்க, பட்டுன்னு கேக்கும்" என்று அக்கா ஒன்று கொடுத்திருக்கிறாள். அத்தான் ஏற்கெனவே இதய அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தவர். தஞ்சாவூர் ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் காரிலேயே உயிர் போய்விட்டது.

அந்த ஆஸ்பத்திரி டாக்டரிடம் தனியாகக் கேட்டேன். மாத்திரையால்தான் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது என்றார். அந்தப் பதில்தான் என்னோடு இங்கே குடியிருக்கிறது. அக்காவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஊருக்கும் போகவில்லை.

நேற்று அக்கா போன் செய்தாள். "ஒரு பக்கமா தலை பொளக்குதுடா. உன் மாத்திரைய யாருகிட்டயாவது குடுத்து விடேன்."

அவளுக்குப் பிரஷர் உண்டு. ஏன் அனுப்ப மாட்டேன் என்று சொன்னால், அன்று தன் கையால் கொடுத்தது என்ன என்று தெரிந்துவிடும். சொல்லாவிட்டால் வேறு யாரிடமாவது வாங்கிப் போட்டுக்கொள்வாள். அவளையும் இழக்க எனக்குத் தெம்பில்லை.

"அது ரத்தக்குழாயச் சுருக்கும்க்கா. பிரஷர் உள்ளவங்க கேக்காம போடக் கூடாது. ஹார்ட்டுல அடைப்பு உள்ளவங்களும்தான். டாக்டர்கிட்ட பிரஷரையும் சொல்லிக் கேளு."



"அன்னிக்கு அதப் போட்ட கொஞ்ச நேரத்துல அத்தான் நெஞ்சப் புடிச்சாரு. அப்பவே எனக்குத் தோணிச்சுடா" என்றாள். "கேட்டா, நீ ஊருக்கே வராம இருந்துடுவியோன்னுதான் கேக்கல."

நான் அழுதேன். அவள் அழவில்லை.

"டாக்டரப் பாக்குறேன். நீ எப்ப வர்றே?"

லீவு இல்லை என்ற வழக்கமான பதில் வாயில் வரவில்லை. போனைக் காதில் வைத்தபடியே எழுந்தேன். செருப்பை மாட்டிக்கொண்டு வாசல்வரை நடந்துவிட்டேன். கதவைத் திறந்தேன். வெளியே ஜெர்மனிதான் இருந்தது.