சோறு வடித்தது யார்?

என் கையெழுத்து கோழி கிளறியதுபோல் இருக்கும், பிழையும் வரும். ஐந்தாவதோடு நின்றவன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்று மனைவி வேலைவிட்டு வருமுன் சோறு வடித்தேன். கஞ்சியின் ஆவி பட்டு, குற்றாலத்தில் பகலெல்லாம் ஆட்களுக்குத் தேய்த்துவிட்ட தைலம் என் கையிலிருந்து மணத்ததும், இப்போது லாட்ஜ் நிற்கும் இடத்தில் வரிசை வீடுகளாக இருந்த எங்கள் தென்காசி வளவு நினைவுக்கு வந்தது. பக்கத்து வீட்டு மாரியக்காவுக்கும் எங்களுக்கும் நடுச்சுவர் ஓட்டையில் தொங்கிய ஒரே பல்புதான் வெளிச்சம். ஆண்பிள்ளை அடுப்படியில் நின்றால் வளவே சிரிக்கும். அம்மா உலையில் அரிசியைப் போட்டுவிட்டு, சுற்றிய பீடியைக் கடையில் கொடுக்க ஓடுவாள். திரும்பினால் யாரோ சோறு வடித்திருப்பார்கள். ஓட்டை வழியாகப் பார்த்துவிட்டு மாரியக்காதான் உள்ளே வருகிறாள் என்று அம்மாவுக்குச் சந்தேகம்.

"ஆளில்லாத வீட்டுல அவளுக்கு என்ன சோலி? நாளைக்கே பூட்டு வாங்குதேன்."

குற்றாலத்தில் இதே தைல வேலை பார்த்து, தினமும் அம்மாவுக்குப் பின்னாலேயே வீட்டுக்குள் நுழையும் அப்பா பதறினார். "ஏட்டி, பூட்டெல்லாம் எதுக்கு?"

அம்மா அவரையே பார்த்தாள். பிறகு வடிதட்டை எடுத்து மோந்தாள். பல்பு ஓட்டைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"வடிக்கது யாரா இருந்தாலும் இருக்கட்டும். சோறு குழையுது, கொஞ்சம் முந்தி வடிக்கச் சொல்லுங்க."

"சொல்லுதேன்" என்றார் அப்பா, தலையைக் குனிந்துகொண்டு.

பூட்டு வரவேயில்லை.

எழுதியது: ஆனி மாதம், சாரல் விழும் செவ்வாய்க்கிழமை, கதவைத் திறந்துவைத்து.