ஊதா மூடிக் குழாய்

என் அக்கா யாருக்கும் பயந்து நான் பார்த்ததில்லை. இருபத்திரண்டு வருடமாகக் குழந்தைகள் மருத்துவமனையில் ரத்தம் எடுக்கிறாள். பச்சைக் குழந்தையின் கையில் நரம்பே தெரியாது. அக்கா விரலால் தடவிப் பார்த்து ஒரே குத்தில் எடுத்துவிடுவாள். டாக்டரே தடுமாறினாலும் சரி, நகரச் சொல்லிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்வாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்பவர்களிடம், தினமும் நாற்பது பிள்ளைகள் தன் மடியில் அழுகிறார்கள், இன்னும் எதற்கு என்பாள்.

என் மகளுக்கு மூன்றரை வயதாகியும் பேச்சு வரவில்லை. அம்மா என்றுகூடச் சொல்லவில்லை. நானும் என் மனைவியும் ஏறாத படி இல்லை. பேச்சுப் பயிற்சி தருகிற அம்மா, மெதுவாகத்தான் வரும், பொறுமையாக இருங்கள் என்றார். பொறுமைக்கு நான் எங்கே போவேன்? அலுவலகத்தில் ஒருவர் ஒரு கிளினிக்கைச் சொன்னார். உடம்பில் தேங்கிய ஈயத்தையும் பாதரசத்தையும் டிரிப் ஏற்றி வெளியே இழுத்துவிடுவார்களாம், அதற்கப்புறம் பிள்ளைகள் கடகடவென்று பேசுமாம். போனோம். முதலில் ஒரு மாத்திரை கொடுத்தார்கள். சில மணி நேரம் கழித்து மகளின் சிறுநீரைப் பிடித்துக் கொடுத்தோம். ஈயம் அதிகம் என்று அறிக்கை வந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு நிம்மதியாக இருந்தது. காரணம் கிடைத்துவிட்டதே!

அக்காவிடம் சொல்லாமலே டிரிப்புக்கு நாள் குறித்தேன். சொன்னால் குதிப்பாள் என்று தெரியும். ஆனால் என் மனைவிக்கு மனசு ஒப்பவில்லை. மருந்தின் பெயரைப் படம் பிடித்து அக்காவுக்கு அனுப்பிவிட்டாள்.

கிளம்பவிருந்த காலையில் அக்கா வேலை உடுப்போடு வந்து நின்றாள். பையிலிருந்து ஊதா மூடி போட்ட சின்னக் குழாய் ஒன்றை எடுத்துச் சாப்பாட்டு மேசைமேல் வைத்தாள்.

"இதுக்குள்ள என்ன தடவியிருக்குன்னு தெரியுமா? நீ உன் பொண்ணுக்கு ஏத்தப்போற அதே சாமான். ரத்தத்துல இருக்கிற கால்சியத்தை இது கவ்விக்கும். அதனாலதான் குழாய்ல ரத்தம் உறையறதில்ல. ஆனா கால்சியம் இல்லாம இதயம் துடிக்காதுடா."

பிறகு, அதுவரை எங்களிடம் சொல்லாத ஒன்றைச் சொன்னாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கைக்குழந்தைக்கு இரண்டு குழாயில் ரத்தம் எடுக்க வேண்டியிருந்தது. ஊதா நிரம்பிவிட்டது, கால்சியம் பார்க்கிற மஞ்சள் மூடிக் குழாய்க்குப் போதவில்லை. இன்னொரு முறை குத்த மனசு வராமல், ஊதாவிலிருந்து கொஞ்சத்தை மஞ்சளில் சாய்த்துவிட்டாள். பாவம் பார்த்துச் செய்த தப்பு. உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு இருக்கவே முடியாத அளவுக்குக் கால்சியம் குறைவாக வந்தது. வார்டில் அலறியடித்துக்கொண்டு கால்சியம் ஏற்றுகிற அவசர ஊசியைக் கையில் எடுத்துவிட்டார்கள். அக்கா மூன்று மாடி ஓடிப்போய், நான்தான் ஊற்றினேன் என்று எல்லார் முன்னாலும் ஒப்புக்கொண்டாளாம். நாலு சொட்டு ரத்தத்துக்கே அந்தப் பாடு, நீ உடம்பு முழுக்க ஏற்றப் போகிறாயா என்று கேட்டாள்.

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. உனக்கென்று ஒரு பிள்ளை இருந்தால்தானே தெரியும் என்று சொல்லிவிட்டேன். என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு, தானும் வருவதாகச் சொன்னாள்.

கிளினிக்கில் மகளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். கிளினிக்காரர் மருந்தோடு வந்ததும் ஆரம்பித்தாள். மாத்திரை கொடுக்காமல் ரத்தத்தில் ஈயம் பார்த்தீர்களா? ஈயத்தை இழுக்கிற மாத்திரையைக் கொடுத்துவிட்டுப் பார்த்தால் உங்கள் மூத்திரத்திலும்தான் ஈயம் வரும். ஏற்றும்போது கால்சியம் யார் பார்ப்பார்கள்? இதயத் துடிப்பு பார்க்கிற மெஷின் எங்கே? நிஜமாகவே ஈயம் ஏறிய பிள்ளைக்கு இந்த வகையறா மருந்தைப் பெரிய மருத்துவமனையில் படுக்கவைத்து, நிமிஷத்துக்கு நிமிஷம் பார்த்துத்தான் கொடுப்பார்கள், அதுவும் கால்சியம் சேர்த்துச் செய்ததை. உங்கள் பாட்டிலில் அது இல்லையே என்றாள்.

அவர் சிரித்தபடி, நம்பிக்கைதான் முக்கியம் என்றார். அக்கா ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் நீட்டினாள். மருந்தின் பெயர், அளவு, எந்த நோய்க்கு, கீழே கையெழுத்து. அவ்வளவுதான் கேட்டாள்.

எழுதித் தரும் பழக்கம் இல்லை என்றார். நான் பேனாவை வாங்கி அவர் கையருகே கொண்டுபோனேன். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். என் பெண்ணின் நரம்பில் ஏற்றப் போவதை ஒரு வரி எழுத மாட்டேன் என்கிற ஆள்! அக்காவின் மடியிலிருந்து மகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தோம்.

மறுநாள் அக்காவே ரத்தம் எடுத்தாள். ஈயம் பயப்படுகிற அளவில் இல்லை. அதற்கும் எனக்குக் கோபம் வந்தது. மருத்துவமனை வராந்தாவில் நின்று, அப்படியென்றால் இவள் பேசவே மாட்டாளா என்று கத்தினேன்.

"எனக்குத் தெரியாதுடா. பேசலன்னா பேசாம இருக்கட்டும். ஆனா இருக்கட்டும்."

சொல்லிவிட்டு அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டேன். அதெல்லாம் கிடக்கட்டும், அந்தக் கிளினிக் கூடத்தில் இன்னும் ஐந்து பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்களே, சுகாதாரத் துறைக்குப் புகார் எழுது என்றாள். எழுதினேன். என் பெயரிலேயே கொடுத்தேன்.

நாலாம் நாள் கிளினிக்காரர் போன் செய்தார். புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள், வெளியில் பேசினால் நல்லதில்லை என்று மிரட்டினார்.

"பேச்சு வராதது என் பொண்ணுக்குத்தான் சார்," என்றேன். "எனக்கு நல்லா வரும்."