மல்லிகைத் தோட்டத்தில் ஈன்ற பன்றி

ரெட்டியார்சத்திரம் பக்கத்தில் எங்களுக்கு இருக்கும் கொஞ்ச நிலத்தில் புல் வளர்த்து, அதில் பன்றிகளை மேயவிட்டு வளர்க்கிறேன். பக்கத்து மல்லிகைத் தோட்டத்துப் பாண்டியம்மாளுக்கு அது பிடிக்காது. "ஒரு பன்னி என் வரப்பத் தாண்டட்டும், விஷம் வச்சுருவேன்" என்று வேலியோரம் நின்று கத்தியிருக்கிறார்.

அன்று காலையில் நிறைசினையாக இருந்த பன்றியைக் காணவில்லை. கம்பி வேலி ஓரிடத்தில் நெகிழ்ந்து கிடந்தது. ஓடை, முள்காடு, ரோட்டோரம் என்று ஓடி ஓடித் தேடினேன். பாண்டியம்மாள் தோட்டத்துக்குப் போக மட்டும் கால் வரவில்லை. அங்கே அது செத்துக் கிடந்தால் என்ன செய்வேன் என்று பயம்.

வெயில் ஏறியதும் வேறு வழியில்லாமல் போனேன். கையில் கம்போடு அவர் நின்றிருந்தார். வரப்பிலேயே நின்றுவிட்டேன்.

"சத்தம் போடாம வா தாயி. குட்டி போட்டுக்கிட்டிருக்கு."

மல்லிகைச் செடிகளைப் பிடுங்கிக் குவித்து, அதன்மேல் என் பன்றி படுத்திருந்தது. ஈரம் காயாத குட்டிகள் மடியை முட்டிக்கொண்டிருந்தன. சற்றுத் தள்ளித் தெருநாய்கள் காத்திருந்தன. தோட்டம் முழுக்க மொட்டுகள் பறிக்காமல் நின்றன. நிலக்கோட்டைச் சந்தைக்குப் பூ ஏற்றும் வேன் எப்போதோ போயிருக்கும்.

"பூ எடுக்கலையாக்கா?"

"நான் அங்கிட்டுப் போனா நாய்க இதுகள விட்டு வைக்குமா? இம்புட்டுச் செடியப் பிடுங்கிருச்சேன்னு ஆத்திரமாத்தான் வந்துச்சு. அதுக்காக, வலியில கெடக்குறத விரட்டவா முடியும்?"

வேலியைச் சரிசெய்துவிட்டேன். அவருக்குப் புதுச்செடிகளும் நட்டுக் கொடுத்தேன். ஆனாலும், முதலில் அவரிடம் போய்க் கேட்காமல் அன்று ஊரெல்லாம் ஓடியதை நினைத்தால், அவர் முகத்தை நேராகப் பார்க்க இன்னும் கூச்சமாக இருக்கிறது.