இரண்டு முறை கேட்ட உள்ளேன் ஐயா

சத்துணவு ஆயாவாக நான் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. எங்கள் பக்கத்தில் ஆயா என்றால் பாட்டி. பிள்ளைகள் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து "ஆயா, ஆயா" என்று கூப்பிட்டால் வெட்கமாக இருக்கும். நான் அஞ்சாவதோடு நின்றவள். நாலு பேர் முன்னால் வாய் திறக்க இன்றைக்கும் எனக்கு வராது. அதனால் அந்த வேலை பிடித்திருந்தது. அண்டாவோடும் அடுப்போடும் யாரும் பேச வேண்டியதில்லை.

என் மகளுக்குக் காது கேட்காது. குழந்தையில் வந்த ஜுரம் போகும்போது காதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. பள்ளியில் சேர்க்கிற வயது வந்ததும் சாரிடம் கூட்டிப் போனோம். அவர் கள்ளக்குறிச்சியிலிருந்து பஸ்ஸில் வருகிறவர், நல்ல மனிதர். "இவளுக்குன்னு தனி ஸ்கூல் இருக்கும்மா, ஹாஸ்டலோட. இங்க வெச்சிக்கினு நான் இன்னா சொல்லிக்குடுக்கறது?" என்றார். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆகவே அவள் என்னோடு சமையல்கட்டில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்குவாள். அங்கிருந்து பார்த்தால் ஒன்றாம் வகுப்பு தெரியும். கல்லைப் பொறுக்குகிற கை நின்றுவிடும். கண் அங்கேயே இருக்கும்.

என் வீட்டுக்காரர் அலைந்து திரிந்து தூரத்து ஊரில் அந்த மாதிரிப் பள்ளி ஒன்றில் இடம் வாங்கிவிட்டார். காலாண்டு லீவு முடிகிற அன்றைக்குப் பிள்ளையைக் கொண்டுவந்து விட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த வருஷம்தான் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். புதுப் பாவாடை, தகரப் பெட்டி எல்லாம் தயார்.

இடஒதுக்கீடு கேட்டு எங்கள் ஆட்கள் ரோட்டை மறித்த வருஷம் அது. படிப்பிலும் வேலையிலும் எங்கள் பிள்ளைகளுக்கு இடம் வேண்டும் என்று ஊர் ஊராக ஆண்கள் கிளம்பினார்கள். என் வீட்டுக்காரரும் கோடாலியோடு போனார். ரோட்டோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்தார்கள். பஸ் நின்றது, கரும்பு டிராக்டரும் நின்றது. லீவு முடிகிற நாள் வந்தது. பெட்டியோடு நாங்கள் ரோட்டுக்குப் போனால், அவரே வெட்டிய மரம் அங்கே படுத்திருக்கிறது.

பக்கத்து வீட்டுக்காரி, அவருக்கு மச்சினி முறை, விடுவாளா?

"இன்னா மாமா, ஊருக்கெல்லாம் சீட்டு கேட்டு மரத்த வெட்டுன, வூட்டுக்கு வந்த சீட்டு மரத்துக்கு அந்தாண்ட போயிடுச்சே!"

"சும்மா இரு மே. நாளைக்கு வழி வுட்டுடுவாங்க."

"வுடுவாங்க, வுடுவாங்க. அதுக்குள்ள உம் பொண்ணுக்குக் கல்யாணமே வந்துடும்."

அவர் மரத்தின் மேலேயே தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எல்லோரும் பாவம் என்றார்கள். நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். அழுகிறேன் என்று நினைத்திருப்பார்கள். எனக்கு உள்ளே அவ்வளவு சந்தோஷம்.

வழி திறந்து சார் வந்ததும் நடந்ததைக் கேட்டுச் சிரித்தார். "சரி, அடுத்த வருஷம் வரைக்கும் இங்கதான் ஒக்காரட்டுமே" என்று பெயரை எழுதிக்கொண்டார். பக்கத்து வீட்டுக்காரியின் மகளும் ஒன்றாம் வகுப்புதான். தாயைப் போலவே வாயாடி. என் மகளின் கையைப் பிடித்து இழுத்துப் போய்த் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள்.

ஆஜர் கூப்பிடும்போது என் மகள் பெயர் வந்ததும் சார் தயங்கினார். உடனே அந்த வாயாடியின் குரல்: "உள்ளேன் ஐயா!" அடுத்து அவள் பெயர் வந்தது. மறுபடியும், "உள்ளேன் ஐயா!"

"யாருடி அது, ரெண்டு தடவ சொல்றது?"

"அது அவளுக்கு சார், இது எனக்கு."

அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். அவளுக்குச் சொல்லும்போது கொஞ்சம் மெல்லிய குரலில் சொல்வாள். அதுதான் என் மகளின் குரல் என்று அவளே முடிவு செய்திருந்தாள்.

கொஞ்ச நாளில் வகுப்பே கையால் பேச ஆரம்பித்தது. உதட்டுக்கு மேல் விரலால் மீசை வரைந்தால் சார். அண்டா கிளறினால் நான். எங்கள் ஊருக்குக் கோடை மழை கல்வராயன் மலைப் பக்கமிருந்துதான் இறங்கும். அதனால் மலையைக் காட்டி விரல்களை உதிர்த்தால் மழை. "பேசாதீங்கன்னா கையில பேசறீங்களாடா!" என்று சார் பிரம்பால் மேசையைத் தட்டுவார். மேசைச் சத்தம் என் மகளுக்கு மட்டும் கேட்காது. அவள் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருப்பாள். மற்றவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு நெளிவார்கள்.

ஒரு நாள் சொல்வதை எழுதச் சொன்னார். என் மகள் சிலேட்டை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள். வாயாடி மூக்குக்கு முன்னால் கையைத் தொங்கவிட்டு ஆட்டினாள்.

"சார், அவ காட்டிக்குடுக்கறா சார்!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்.

"காட்டிக்குடுக்கல. நீங்க சொன்னீங்களே, அதத்தான் சார் சொன்னேன்" என்றாள் அவள்.

சார் புத்தகத்தை மேசையில் கவிழ்த்துவிட்டு, என் மகளுக்கு எதிரே போய் நின்று, தும்பிக்கை மாதிரி கையை ஆட்டினார். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. அவருக்கும் வெட்கம். என் மகள் குனிந்து யானை என்று எழுதினாள். துணைக்காலை மட்டும் தள்ளிப் போட்டிருந்தாள். நான் கரண்டியோடு வாசலில் நின்றுவிட்டேன். அன்றைக்குச் சோறு அடிப்பிடித்துப் போனது. ஒரு பிள்ளைகூடக் குறை சொல்லவில்லை.

அந்த வருஷத்தைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். அந்த வருஷம் என் மகள் யாருக்கும் பாரமாக இல்லை. பாண்டி ஆடினாள், கோலி ஆடினாள், சண்டை போட்டாள், அடி வாங்கினாள், அடித்தாள். மணி அடித்தால் மற்ற பிள்ளைகளோடு ஓடி வந்து தட்டை நீட்டுவாள். அவளுக்கென்று தனியாக அள்ளி வைக்க எனக்கு மறந்தே போகும்.

அடுத்த வருஷம் சாருக்கு மாற்றல் வந்துவிட்டது. புதிதாக வந்தவர் கெட்டவர் இல்லை. ஆனால் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே பேசுவார். கணக்கு கூடிக்கொண்டே போனது. கையால் யானை காட்டலாம். கடன் வாங்கிக் கழிப்பதை ஏழு வயது வாயாடி எப்படிக் காட்டுவாள்? முயற்சி செய்து பார்த்து, முடியாமல் ஒரு நாள் அவளே அழுதாள். என் மகள் மறுபடியும் சமையல்கட்டுப் பக்கம் வர ஆரம்பித்தாள். அந்த ஹாஸ்டலில் மறுபடியும் இடம் கிடைத்தது. இந்தத் தடவை ரோடு திறந்திருந்தது.

பொங்கலுக்கு வந்தாள். வாயைத் திறந்து "அம்மா" என்றாள். ஊரே கூடிவிட்டது. எனக்குக் கண்ணீர் நிற்கவில்லை. என் வீட்டுக்காரர் எல்லோருக்கும் கரும்பு ஒடித்துக் கொடுத்தார். வாயாடி ஓடி வந்து, ஒரே மூச்சில் கையால் என்னென்னவோ சொன்னாள். என் மகள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"கைய ஆட்டுனா அங்க திட்டுவாங்களாம். வாயப் பாத்துத்தான் பேசணுமாம்" என்று அவர்தான் சொன்னார்.

"அப்ப நான் இன்னா செய்யறது பெரியப்பா?" என்று கேட்டாள் அந்தச் சின்னப் பெண்.

அவர் அவளுக்கும் ஒரு துண்டு கரும்பை ஒடித்து நீட்டினார். ஹாஸ்டல் அம்மா அவரிடம் இன்னொன்றும் சொல்லியிருக்கிறார்: வந்த புதிதில் மழை வரும்போதெல்லாம் இவள் ஓடிப்போய் ஏதோ ஒரு சுவரைக் காட்டினாளாம், எதற்கென்றே அவர்களுக்குப் புரியவில்லையாம். அந்த ஊரில் மலை கிடையாது.

அங்கே படித்துப் பத்தாவது முடித்தாள். தையல் கற்றுக்கொண்டாள். இப்போது வெளியூரில் வேலை, அவளைப் போலவே காது கேட்காத புருஷன், அந்த மாதிரி நிறைய கூட்டாளிகள். அவர்கள் எல்லோரும் கையால்தான் பேசுகிறார்கள். அது வேகமான, படித்த பேச்சு. நான் போனால் ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன், அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டு. நன்றாகத்தான் இருக்கிறாள். அங்கே போயிருக்காவிட்டால் இத்தனை படிப்பு வந்திருக்காது. அதுவும் எனக்குத் தெரியும்.

ரேஷன் கடைக்குப் போகிற வழியில்தான் அந்தப் பள்ளி. படிக்கட்டுப் பக்கத்தில் சறுக்குப் பாதை போட்டிருக்கிறார்கள். சக்கர நாற்காலியில் வரும் ஒரு பையனைத் தள்ளுவதற்குப் பிள்ளைகளுக்குள் சண்டை. "நேத்து நீதானடா தள்ளுன, இன்னிக்கி என் முறைடா!" அந்த மாதிரிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கவென்று ஒரு டீச்சரும் சில நாள் வந்து, மற்ற பிள்ளைகள் நடுவிலேயே உட்கார்ந்து சொல்லித் தருகிறாராம். நான் பையைக் கீழே வைத்துவிட்டு மதில் ஓரம் கொஞ்ச நேரம் நிற்பேன்.

ராத்திரி செல்போனில் மகளின் முகம் வரும். சாப்பிட்டாயா என்பாள், நான் சாப்பிட்டேன் என்பேன். மாடு கன்று போட்டதைச் சொல்வேன். என்னோடு மட்டும் பழைய கைப்பேச்சுதான். அந்த டீச்சர் அன்றைக்கே நம் பள்ளிக்கு வந்திருந்தால் நீ அந்த வாயாடி பக்கத்திலேயே உட்கார்ந்து பத்தாவது வரைக்கும் படித்திருப்பாயா, அது உனக்குப் பிடித்திருக்குமா என்று கேட்க ஆசை. கையைத் தூக்குவேன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் செய்த அந்தப் பேச்சு சோற்றுக்கும் மாட்டுக்கும் போதும், இதைக் கேட்கப் போதாது. தூக்கிய கை அப்படியே நிற்கும். என்னம்மா என்று அவள் போனுக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவருவாள். ஒன்றுமில்லை என்று தலையாட்டுவேன். அவள் நம்ப மாட்டாள். நான் கையை இறக்கும் வரை பார்த்துக்கொண்டே இருப்பாள்.