குழந்தையைக் கேட்டுவிட்டு

ஆபரேஷன் தியேட்டருக்குள் நுழையும்போது சிஸ்டர் என்னை நிறுத்தினார். "நம்ம மங்கை டாக்டர் தவறிட்டாங்க சார்." கேஸை முடித்துவிட்டுத்தான் அவர் வீட்டுக்குப் போனேன். பாதியில் விட்டு வந்திருந்தால் எழுந்து உட்கார்ந்து திட்டியிருப்பார்.

ஆரணியில் பிரசவம் பார்த்த டாக்டர் மங்கையர்க்கரசியை உங்களில் பலருக்குப் பிறந்த நிமிடத்திலிருந்தே தெரியும். மயக்க மருந்து கொடுக்கப் போன எனக்கு அவரோடு சண்டை போட்டுத்தான் பழக்கம்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, சேவூர்ப் பெண்ணுக்குத் தலைப்பிரசவம். குழந்தையின் இதயத் துடிப்பு திரையில் இறங்கி இறங்கி ஏறியது. வெளியே, பவர்லூம் வைத்திருக்கும் அவளுடைய மாமனார் செல்போனில் பஞ்சாங்கம் பார்த்தபடி நின்றார்.

"பத்தரைக்கு ராகு காலம் டாக்டரம்மா. அதுக்குள்ள ஜல்தியா ஆபரேஷன் பண்ணி எடுத்துடுங்க."

பொய் சொல்வானேன், எனக்கும் வெட்டிவிடலாம் என்றுதான் இருந்தது. அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டே ஊசியை எடுத்து வைத்தேன்.

"இருங்க, குழந்தையைக் கேட்டுக்கலாம்" என்றார் மங்கை.

"பெரியவங்க நாங்க சொல்லிகினு இருக்கோம், வயித்துல இருக்கிற புள்ளைய கேக்கிறேன்றீங்களே!"

"கஷ்டம் அதுக்குத்தானேங்க? அதைத்தான் கேக்கணும்."

அவர் கேட்கும் விதம் இதுதான்: திறந்திருக்கும் கருப்பை வாய் வழியே குழந்தையின் தலைத்தோலில் சின்னக் கீறல், மெல்லிய கண்ணாடிக் குழாயில் ஒரு சொட்டு இரத்தம். ஆக்ஸிஜன் போதாமல் குழந்தை திணறினால் அந்த இரத்தத்தில் அமிலம் ஏறியிருக்கும். கீறும் முன் தாயிடம் விவரம் சொல்லிச் சம்மதம் கேட்டார்.

"எடுங்க டாக்டர். நான் தாங்கிகினு இருக்கேன்" என்றாள் அவள், பல்லைக் கடித்துக்கொண்டு.

அமிலம் ஏறியிருக்கவில்லை. "நல்லாத்தான் இருக்கு. பாத்துகினே இருப்போம், துடிப்பு சரியாகலைன்னா திரும்ப எடுப்போம்" என்றார் மங்கை. ராகு காலம் வந்தது. பஞ்சாங்கம் எழுதியவனே நான்தான் என்பது போல மாமனார் என்னை முறைத்தார். நட்டநடு ராகு காலத்தில் சுகப்பிரசவம். பெண் குழந்தை வீல் என்று அழுதது. மங்கை குனிந்து அதன் தலையைத் துடைத்து, "கீறிட்டேன், மன்னிச்சுக்கோடி" என்றார். கீறிய ஒவ்வொரு குழந்தையிடமும் இப்படி மன்னிப்புக் கேட்பது அவர் வழக்கம். பேத்தியைக் கையில் வாங்குவதற்காக மாமனார் செல்போனைச் சட்டைப் பைக்குள் போட்டார்.

எல்லா முறையும் பதில் அப்படி வராது. போளூர்ப் பெண் ஒருத்திக்கு அமிலம் ஏறியிருந்தது. "சார், டீயை வைங்க" என்றார், அவ்வளவுதான். நான் தியேட்டருக்கு ஓடிப் போய்ச் சேர்வதற்குள் கையைக் கழுவிக்கொண்டு நின்றார். அந்தக் குழந்தையும் பிழைத்தது. அவரைப் பொறுமைசாலி என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தெரியாமல் வெட்டமாட்டார், தெரிந்த பின் ஒரு கணமும் நிற்கமாட்டார்.

அவர் இல்லாதது வலிக்கிறது. ஆனாலும் மனம் நிறைந்தே இருக்கிறது. ஆபரேஷனுக்கு அவசரமாக வரச் சொல்லிவிட்டு, பிறகு சுகப்பிரசவம் ஆகிவிட்டது, தேவையில்லை என்று திருப்பி அனுப்பினால் முன்பெல்லாம் எரிச்சல் வரும். இப்போது ஊசியைப் பிரிக்காமலே பைக்குள் வைக்கிற நாட்களில், உள்ளே ஒரு பெண் தன் குழந்தையைப் பார்த்துச் சிரிக்கிற சத்தம் கேட்கிறது. வேலை இல்லாமல் வீடு திரும்பும் அந்தச் சந்தோஷத்தை எனக்குப் பழக்கிவிட்டுப் போயிருக்கிறார் மங்கை.